தங்கூசி நுனி

மாதத்தின் முதல் வெள்ளி, இஷா முடிந்து
முஸாதிக் ஓட்டமாவடியில் ஹார்ட்வெயார் கதவைச் சாத்திவிட்டு
வந்த பிறகுதான் கூட்டம்.
வாழைச்சேனை ஐஸ் தொழிற்சாலைக்கு மேலே ஓர் அறை,
ஒன்பது கதிரை, ஏழு பேர்,
கீழே கட்டி உடைக்கிற சத்தம்.
நான் செயலாளர். பகலில் மருந்துக்கடை.

இடத்தைத் தவிர எல்லாம் சொல்வோம்.
எத்தனை பாகம் ஆழம், எந்தப் பாரின் விளிம்பு என்றால்
"அங்கால" என்பான் முஸாதிக்.
கை கிழக்கைக் காட்டும்.
கிழக்கில் இருப்பது வங்காள விரிகுடா முழுவதும்.

மெல்வின் ஒக்கர்ஸ் தங்கூசியை ஜன்னல் கம்பியில் கட்டி
நடுவில் தராசு கொளுவி, தடியை வளைத்து இழுக்கிறார்.
ஐம்பது றாத்தல் தங்கூசிக்கு
றீலின் பிரேக் பதினாறில் நிற்க வேண்டும்.
"மேல ஒரு அவுன்சும் வேணாம் மனே,
களைக்க வேண்டியது மீன்."

மயில்மீன் முதலில் அலகால் தட்டும்,
கடன் கேட்டு வந்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி.
அப்போது இழுக்காதே.
நூலை விடு. ஐந்து எண்ணு.
வட்ட முள் என்றால் வெட்டி இழுக்கவே வேண்டாம்,
மெதுவாய்ச் சுற்று, அது தானாய்க் கிறுகி
வாய் மூலையில் போய்க் குந்தும்.
(ஐந்தா எட்டா என்று இரண்டு வருடமாய்ச் சண்டை.)
துள்ளினால் தடியைத் தாழ்த்து.
லீடரைக் கையால் பிடிக்கிறவன் மோதிரம் கழற்றட்டும்,
சுற்று இரண்டுக்கு மேல் வேண்டாம்,
விரல் விரித்ததும் கழன்று போக வேண்டும்.
விடுகிற மீனை அலகில் பிடித்துப்
படகை மெல்ல முன்னே ஓட்டு,
செவுளுக்குள் தண்ணீர் ஓடும்,
வால் உன் கையை உதறுமட்டும் விடாதே.

பல் டாக்டர் சுகிர்தமலர்
மேசைக்காலில் முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்குவார்.
அறுந்த நுனியை எறிய வேண்டாம் என்றது அவர்தான்.
நாய்வால் போலச் சுருண்டால் முடிச்சு வழுக்கியது.
நரைத்துச் சொரசொரத்தால் பார்.
இழுபட்டு மெலிந்தால் பிரேக் கூட.
பல் என்றால் பக்கத்தில் இன்னும் இரண்டு கீறல் இருக்கும்,
எந்தப் பல்லும் தனியாய்க் கடிப்பதில்லை.

இம்மாதம் என் முறை.
தவறிய மீனைத்தான் சொல்ல வேண்டும், இது விதி,
எழுதியதும் நான்.

கொப்பரன், என்றேன்.
காலை எட்டேகாலுக்குக் கவ்வியது.
பதினொரு மணிக்கு முதுகு கண்டோம்,
புதுசாய்ப் பெயின்ட் அடித்த வான் கதவு மாதிரி நீலம்.
இரண்டு மணிக்குச் சுறா வந்தது.
கடித்தது. அவ்வளவுதான்.
நுனியை மாத்திரை உறையில் கொண்டுவந்திருந்தேன்,
மேலே என் கையெழுத்து:
காலை ஒன்று, இரவு ஒன்று.

சுறா வரவில்லை.
தயாபரன் எஞ்சின் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்தான்.
இரை வெட்டுகிற கத்தி என் முழங்காலடியில் கிடந்தது.
கை மரத்திருந்தது. கச்சான் எழும்பியிருந்தது.
நாலு மணிக்குக் கடை திறக்க வேண்டும்.
எல்லாம் உண்மை, ஒன்றும் காரணம் இல்லை.
ஆறு மணித்தியாலமாய் அது
ஒரு தரமாவது என் பக்கம் வர நினைத்திருக்கலாம்.

உறை சுற்றி வந்தது.
மெல்வின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
முஸாதிக் நகத்தால் தடவினான், ஒன்றும் சொல்லவில்லை.
கீழே ஐஸ் உடைப்பதும் நின்றிருந்தது.
சுகிர்தமலர் போன் வெளிச்சத்தில் பிடித்துத்
திருப்பி, மறுகாவும் திருப்பி,
கதிரையில் சாய்த்த நோயாளியின் வாயைப் பார்க்கிற மாதிரி
பார்த்தார்.

"நல்ல பல்லு," என்றார்.
"ஒரு சொத்தையும் இல்லை."

குறிப்பில் எழுதினேன்: சுறா.
அடுத்து, சந்தாப் பாக்கி.