கசிவு

ஓட்டை எங்கே என்று
ஒன்பது நாள் தேடினேன்.

வேலந்தாவளம். வீட்டுக்குப் பின்னால்
எருமைத் தொட்டி அளவில் ஒரு குளம்.
பொள்ளாச்சியில் வாங்கிய கருப்பு ஷீட்,
சுற்றிலும் உடைசல் செங்கல்.
ஷீட்டின் ஓரம் மட்டும்
வெயில் பட்டால் பல்லைக் காட்டும்.

அதை மறைக்கத்தான்
கொழிஞ்சாம்பாறை உம்மர் கடையில்
நாற்பது ரூபாய்க்கு நீர்ப்பிரமி வாங்கினேன்.
வாய்க்கால் மேட்டுப் பொடுதலை ஓசி.
வல்லாரையை அவர் குடங்கல் என்றார்.
எந்தப் பெயருக்கும் அது இலை அசைக்கவில்லை.
"கரையில வச்சா மதி சேச்சி,
அது எறங்கிக்கும்."

இறங்கியது.
கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டு
தண்ணீர்மேல் நீந்தி
மறுகரையில் ஏறவும் செய்தது.
ஷீட் மறைந்த அன்று
எனக்கு நானே டீ போட்டுக் குடித்தேன்.

பிறகுதான் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.
செங்கல்லில் சாக்பீஸால் கோடு போட்டேன்.
விடிந்தால் இரண்டு விரல் கீழே.
"தை மாசக் காத்து, அதுதான் குடிக்குது"
என்றார் மருதாசலம்.
மீன் நான்கையும் குடத்துக்கு மாற்றி
குளத்தை வடித்து
உள்ளங்கையால் ஷீட்டைத் தடவித் தடவிப் பார்த்தேன்.
சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம்
பஞ்சர் கடைப் பசை.
மறுநாளும் இரண்டு விரல்.

எனக்கு வேலை கால்நடைச் சோதனைச்சாவடியில்.
கோழி வண்டி, முட்டை வண்டி, தீவன வண்டி,
அந்தப் பக்கமிருந்து எது வந்தாலும்
நிறுத்தி டயருக்கு மருந்தடிக்க வேண்டும்.
தார்ப்பாயின் முடிச்சைப் பார்த்தே
உள்ளே என்ன என்று சொல்லிவிடுவேன்
என்று பெயர் எனக்கு.

பத்தாம் நாள் இரவுப்பணி முடிந்து
செருப்பைக் கழற்றி
கொல்லையில் கால் வைத்தேன்.
சில்லென்றது.
ஊரே பொடிமண்ணாய்ப் பறக்கும் மாதத்தில்
அங்கே மட்டும் ஒரு முழம் ஈரம்.

குனிந்து தண்டைத் தூக்கினேன்.
செங்கல்லைத் தாண்டி வெளியே தொங்கும் வேர்கள்,
விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல்
குளத்தை இழுத்துக்கொண்டிருந்தன.
நுனியில் ஒரு சொட்டு.
பதினொன்று எண்ணினேன்,
அடுத்த சொட்டு.
ஒன்பது நாள்
என் கண்ணெதிரே, பச்சையாக.

கத்தரிக்கோல் எடுத்து வந்தேன்.
மண்ணில் கடுகு போல் ஒரு தவளைக்குஞ்சு
என் கட்டைவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"ஓட்டை கெடச்சுதா?"
உள்ளேயிருந்து மருதாசலம்.
"கெடச்சுது."
"அடச்சாச்சா?"
"பூ விட்டிருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு
மோட்டார் ஓடத் தொடங்கியது.