எட்டுப் படி

லிஃப்ட் மூன்று வாரமாக வேலையில்லை.
சனசமூக மண்டபத்தின் சாவியோ
யாருடையதோ பிறந்தநாளுக்குப் போயிருந்தது.
வண்ணத்தாள் முக்கோணங்கள் நாற்பது,
இரவு பதினொரு மணிவரை வெட்டியவை,
கைப்பைக்குள் புழுங்கிக்கொண்டிருக்க
ஜிந்துப்பிட்டித் தொடர்மாடியின் படிக்கட்டில்
ஏழு பிள்ளைகளோடு நின்றேன்.

காப்புறுதிக் கந்தோரில் கூட்டல் சரிபார்ப்பது என் தொழில்.
சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் மட்டும்
கணக்கை விளையாட விடுவோம் என்று
வாட்சப்பில் தாய்மாரை வளைத்திருந்தேன்.
"புலமைப்பரிசிலுக்கு உதவுமா மிஸ்?"
என்று கேட்டவர்களுக்கு
ஒரு மஞ்சள் பெருவிரலை அனுப்பித் தப்பியிருந்தேன்.

ஜொவிற்றா ஒற்றைப் படியாய் ஏறினாள்.
தினுக இரண்டிரண்டாய்த் தாவினான்.
கிருத்திகன் ஒன்று, இரண்டு, ஒன்று என்று
வேண்டுமென்றே நொண்டினான்.
"நான் ஏறினமாதிரி ஒருத்தரும் ஏற ஏலாது."
"ஏலும்!" என்று ஆறு குரல்.
முக்கோணங்களைப் பைக்குள் ஆழத் தள்ளினேன்.

ஒரு படிக்கு ஒரு வழி.
இரண்டு படிக்கு இரண்டு.
மூன்றுக்கு மூன்று; ஏறியே காட்டினார்கள்,
ஒற்றை, ஒற்றை, ஒற்றை;
ஒற்றை, இரட்டை;
இரட்டை, ஒற்றை.
"அப்ப நாலுக்கு நாலு!"
வெண்கட்டியால் சுவரிலேயே எழுதிவிட்டான் கிருத்திகன்.
எண்ணிப் பார்த்தால் ஐந்து.
மறுபடி ஏறினார்கள். ஐந்தேதான்.
அந்த நாலைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்,
வரிசை தெரியாமல் வந்து நின்றுவிட்ட
வேறு வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

ஐந்து படிக்கு எட்டு.
இதற்குள் மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்து
"இங்க என்ன, ஆனை வளக்கிறீங்களா?" என்றது.
காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்தவர்
"எனக்கு ஒரே வழிதான் மகன்" என்று
ஒற்றை ஒற்றையாய் ஏறிப் போனார்.
அவரையும் எண்ணிக்கொண்டார்கள்.

ருஸ்தா ஏறவேயில்லை.
வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் தடக்குகிற பிள்ளை,
விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்து எண்ணுகிற பிள்ளை,
மேல் படியில் குந்தியிருந்து
வந்து சேர்கிற கால்களையே பார்த்தாள்.
பிறகு, யாருக்கென்றில்லாமல் சொன்னாள்:
"இங்க வாற எல்லாரும்
ஒரு படி கீழ இருந்து வாறாங்க,
இல்லாட்டி ரெண்டு படி கீழ இருந்து.
வேற இடமே இல்ல.
அந்த ரெண்டையும் கூட்டினாச் சரி."

ஐந்தும் எட்டும் பதின்மூன்று.
எட்டும் பதின்மூன்றும் இருபத்தொன்று.
ஒரு திருப்பத்துக்கு எட்டுப் படி எங்கள் மாடியில்.
முப்பத்துநாலு என்று அவள் சொன்னபோது
விரல்கள் பத்தும் மடியில் கிடந்தன,
வேலை இல்லாமல்.

கலையும்போதுதான் அவளுடைய தம்பி,
முன்பல் இரண்டும் விழுந்தவன், கேட்டான்:
"மூண்டு படி பாய்ஞ்சா?"
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.
அவனுக்கு அது பெரிய சந்தோசம்.

பிள்ளைகள் போனபின்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
முதல் மூன்று படிகளில் ஏறினேன், இறங்கினேன்.
பழைய மூன்று வழியும் அப்படியே இருந்தன.
பிறகு பாவாடையைச் சற்றுத் தூக்கி
ஒரே பாய்ச்சல்.
நாலு.

கிருத்திகனின் நாலு சுவரில் இன்னும் இருந்தது.
அதை அழிக்கத்தான்
ஈரத்துணி கொண்டுவந்திருந்தேன்.