எழுத மட்டும்

மேசையில் கிடக்கிற பச்சைப் பலகைக்கு
நித்திரையால் எழும்பினால் தன் பெயர் தெரியாது.
பொத்தானை அமத்த
திரை முழுக்க ஊதாக் கோடுகள்,
மழைக்குள்ளால் போகிற பஸ் யன்னல் மாதிரி.

இது இருபத்தாறாம் தடவை.
கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட,
உரக்கடைக்கு மேல் இருக்கிற அறையில்
நானும் கீர்த்தனனும் ஒரு மின்விசிறியும்.

மின்சாரம் நின்றால் பதிவகங்கள் வெறுமையாகும்.
அது பிழையில்லை, சிலிக்கனின் சுபாவம்.
கடிகாரம் எத்தனை மெகாஹேர்ட்ஸ்,
வரி எவ்வளவு நீளம், படம் எந்த முகவரியில்
எல்லாம் நாங்கள்தான் திருப்பிச் சொல்ல வேணும்,
அதுவும் ஒழுங்கு தவறாமல்:
முதல் கடிகாரம். அது நிலைக்கும்வரை பொறு.
பேந்துதான் மற்றது.

சிலதைப் படுக்கமுன் வாசித்து வைக்கலாம்.
சிலதுக்கு வாசல் ஒரு பக்கம்தான்.
எழுதினால் வாங்கும்;
கேட்டால் எப்பவும் பூச்சியம்.
"கச்சேரி மாதிரி" என்றான் கீர்த்தனன்.
நான் சிரிக்கவில்லை.
அண்ணாவைக் கேட்டு அம்மா கொடுத்த கடிதம் ஒன்பது.
ஒவ்வொன்றின் போட்டோக்கொப்பியும்
பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கு, திகதியோடு.

இங்கேயும் அப்படித்தான்.
வாய் திறக்காத பதிவகத்துக்குக்
கடைசியாய் என்ன எழுதினோம் என்று
நினைவகத்தில் ஒரு நகல்.
நகல் சரியென்றால்
ஏன் ஊதா?

ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தக் கத்த
கோப்புக் கோப்பாய்த் தேடினேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
யாரோ நேரே வன்பொருளுக்கு எழுதியிருக்கிறார்கள்,
நகலுக்கு ஒரு சொல் சொல்லாமல்.

யாரோ இல்லை.
மார்ச் மாதம், நான்.
பக்கத்தில் ஒரு குறிப்பும்:
பிறகு பார்ப்பம்.

அந்த வரியை அழித்தேன்.
இனி எல்லா எழுத்தும் ஒரே வாசலால் போகட்டும்,
முதலில் நகல், பிறகு பலகை.

உறங்க வைத்தேன். பத்து எண்ணினேன். எழுப்பினேன்.
சிவப்பு சிவப்பாய் வந்தது.
நீலம், இரணைமடுத் தண்ணி அளவுக்கு இல்லை,
ஆனாலும் நீலம்.
கீர்த்தனன் கதிரையிலேயே நித்திரை.
அவனை எழுப்பவில்லை.

படம் மட்டும்
ஒரு பிக்சல் வலப்பக்கம் தள்ளி நிற்குது.
இன்னும் ஏதோ ஒன்றை
நான் எழுதி வைக்கவில்லை.