கழி

ஞாயிறு காலை ஐந்தரை. கஜபதியின் படகில்
ஐந்து பேர், ஒரு மூங்கில் கழி.
கழியில் அடிக்கு ஒரு கோடு,
என் மகளின் நகப்பூச்சுச் சிவப்பில்.
பால் கவருக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு.
எண்ணூர் முகத்துவாரத்தில் தொடங்கி
ரயில் பாலத்தின் அடியில் குனிந்து
உயர்மின் கோபுரங்களின் காலிடுக்கு வரை
ஆழம் பார்க்கப் போகிறோம்.

எட்டியப்பன் குத்துகிறான்.
"மூணே கால்."
தில்ஷாத் எழுதுகிறாள்.
"ரெண்டு. இரு, ரெண்டு இல்ல,
ஒண்ணே முக்கால்னு போடு."
அடித்துவிட்டு எழுதுகிறாள்.

முன்பெல்லாம் மனுவில்
"இங்கே ஆள் ஆழம் இருந்தது ஐயா" என்றுதான் எழுதுவோம்.
"எந்த ஆள்? என்ன உயரம்?" என்று
மேசைக்கு அந்தப் பக்கம் கேட்டார்கள்.
அன்று திரும்பும் வழியில்
தண்டையார்பேட்டையில் இறங்கி வாங்கியது இந்த மூங்கில்.
பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர்.
எண்ணூர் வரை நடந்தான் எட்டியப்பன்,
கொடியில்லாக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு.

கழி என்றால் கோல்.
கழி என்றால் உப்புநீர் ஓடும் இந்த இடம்.
மூன்றாம் வகுப்புக் கணக்கில்
கழி என்றால் இருப்பதிலிருந்து எடு.
எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
மீதி ஆறு நாளும் நான் சாம்பல் லாரி ஓட்டுகிறேன்.
படகில் எல்லோருக்கும் தெரியும்.
கோட்டீஸ்வரி மட்டும் ஒருமுறை கேட்டாள்,
பறியைப் பல்லில் கவ்வி
இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவுகிறவள்,
கவ்வியதை எடுத்துவிட்டுக் கேட்டாள்:
"உன் லாரி எவ்ளோ புடிக்கும்?"
"இருபது டன்."
தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"நோட்ல அதையும் எழுதிக்க சொல்லு."
மறுபடி பறியைக் கவ்விக்கொண்டாள்.

எழுதியிருக்கிறோம். கடைசிப் பக்கத்தில்,
என் கையெழுத்தில்.

ஆடியில் அதிகாரி ஒருவர் படகுக்கே வந்தார்.
கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
"இதன்படி நாம் இப்போது நிலத்தில் இருக்கிறோம்" என்றார்.
பெரிய படகொன்று கடந்துபோன அலை தட்டியது.
நிலத்தின் விளிம்பை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.
யாரும் சிரிக்கவில்லை.
கஜபதி மட்டும் அந்தப் பக்கம் திரும்பி
ரொம்ப நேரம் இருமினான்.

நட்ட அலையாத்தி முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணெய் வந்த மாதம் நூறு போனது.
மாடு தின்றது, பிளாஸ்டிக் சுற்றிச் சாய்ந்தது,
ஏன் என்றே தெரியாமல் செத்தது.
இன்றைக்கு நாற்பத்தொன்று.
அவற்றில் ஒன்றின் காலடியில்
பச்சை நண்டு ஒன்று வளை போட்டிருப்பதாக
யாருக்கும் சொல்லக் கூடாதென்று
எல்லோருக்கும் சொல்லிவிட்டான் எட்டியப்பன்.

ஏழாம் இடம், பாலத்துக்கு மேற்கே.
எட்டு வாரமாக வற்றம் பார்த்து
அன்னக்கூடையில் சாம்பல் அள்ளிய இடம்.
கரைக்கு அள்ளினால் மழை திருப்பித் தரும் என்று
கஜபதி படகிலேயே ஏற்றி
ஆலை வாசலில் கொட்டிவிட்டு வந்தோம்.
வாசல் காவலர் என்னைப் பார்த்தார்.
தினமும் என் லாரிக்குக் கதவு திறப்பவர்.
"இன்னாபா, உள்ளேருந்து எடுத்துட்டுப் போவியே,
இன்னிக்கு எடுத்தாந்துட்ட" என்றார்.

இன்று அங்கே குத்தினோம்.
இரண்டரை.
போன மாதத்தைவிட ஒரு விரற்கடை கூட.
அளவில் பிழையாகவும் இருக்கலாம்.
கழியை வெளியே இழுத்தபோது
நுனியில் வெள்ளைப் பால் இல்லை.
கறுப்பாக, பிசுபிசுவென்று,
அழுகல் நாற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
கோட்டீஸ்வரி விரலால் வழித்து மோந்தாள்.
கஜபதிக்கு நீட்டினாள். அவன் எனக்கு.

இடம், நேரம், ஏற்றமா வற்றமா, அடி.
தில்ஷாத் போட்ட நான்கு கட்டத்தில்
இதற்கு ஒன்றும் இல்லை.
"இன்னா எழுத?" என்றாள், பேனா காற்றில் நிற்க.

"சேறு" என்றாள் கோட்டீஸ்வரி.
"ஓரமா எழுது. சேறு வந்துச்சுன்னு."

நாளைக்கு எனக்கு ஆறு மணி ஷிப்டு.