மூடி

பதினொரு பாட்டு. பத்தொன்பது நிமிஷம்.
புதுவயலில், ஓடாத அரிசி ஆலை ஒன்றில்
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிப் பதிந்தோம்.
(செட்டிநாட்டுச் சுவரில் முட்டை இருக்கும் என்று
கைடுகள் சொல்வது பொய்யில்லை.)
அடைக்கலம் டிரம்ஸில் முதல் அடி போட்டதும்
உத்தரத்திலிருந்து உமி கொட்டியது
தலையில், ஆம்ப்ளிஃபயரில், ஆறிய டீயில்.

முதல் பாட்டு: டெண்டர்.
இரண்டாவது: முகக்கவசம் வாங்கியதாக ஒரு ரசீது.
மூன்றாவதில் மூன்றே வார்த்தை.
யார்
இறங்கச்
சொன்னது.
நாற்பத்தோரு நொடி அதையே கத்தினேன்.
மூச்சு விட இடமில்லாத பாட்டு.
வேண்டுமென்றேதான் இடம் விடவில்லை.

கீழே என் அண்ணன் சந்தியாகு.
மேலே ஓட்டலாகிப்போன ஒரு பெரிய வீடு
(பெயர் சொல்லக் கூடாதென்று வக்கீல் சொல்லியிருக்கிறார்).
பர்மாத் தேக்கைத் தடவிப் பார்த்தபடி
ரசம் குடித்துக்கொண்டிருந்தார்கள் விருந்தாளிகள்.
நாலாவதிலிருந்து எட்டு வரை இதுதான்,
கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டு வேகத்தில்.

ஒன்பதாவதில் தொண்டை போய்விட்டது.
சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு,
எதற்கும் மசியவில்லை.
மைக் வாடகை மணிக்கு நானூறு.
"சிகப்பி, நீ எதையாவது வாசி" என்றான் நசுருதீன்,
"இவன் கொஞ்சம் உட்காரட்டும்."

வாசித்தாள்.
பேஸ் கிடாரின் தடித்த கம்பியில்
நாலே நாலு சுரம், ஏறி, நின்று, இறங்கி.
ஏறுகிற இடத்தில் லேசாக ஒரு தயக்கம்,
தெரியாத வீட்டு வாசலில்
செருப்பைக் கழற்றுவதா என்று யோசிக்கிறவர் மாதிரி.

அடைக்கலம் குச்சியைக் கீழே போட்டான்.
"என்ன இது, கல்யாண வீடியோவுக்கா?
கோபத்துக்கு எதுக்கு மெட்டு?
மெட்டுப் போட்டா மன்னிச்ச மாதிரி ஆயிடும்."

எனக்கு அந்த மெட்டைத் தெரியும்.
செப்டிக் டேங்க் லாரி பின்னால் வரும்போது பாடுமே,
பேட்டரி தீர்ந்த பொம்மைக் குரலில். அது.
எங்கள் தெருமுனையில் ராத்திரி அது கேட்டால்
அம்மா சோற்றை எடுத்து வைப்பாள்.

உனக்கு எப்படி இது தெரியும்?
குரலில்லை. வாயசைத்துத்தான் கேட்டேன்.
அவள் கம்பியிலிருந்து விரலை எடுக்கவில்லை.
"அந்த வீட்டில எங்களுக்குப் பதினேழில் ஒரு பங்கு.
வாடகைக் கணக்குப் பார்க்க அப்பாவோட போயிருந்தேன்.
மேல்மாடி ஜன்னல்.
லாரி பின்னால வந்துச்சு. பாட்டு நின்னுச்சு.
மூடியை இழுக்கிற சத்தம்.
அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே கேக்கல."

இரண்டு வருஷமாய் எங்களோடு வாசிக்கிறவள்.

அறந்தாங்கி ரயில் போகிறவரை யாரும் பேசவில்லை.
அவளை அடிக்கலாம் போலிருந்தது.
அவள் காலடியில் உட்கார்ந்து
இன்னொரு தரம் வாசி என்று கெஞ்சலாம் போலவும்.
மைக் முன்னால் போய் நின்றேன்.
கத்த முடியாத தொண்டை முனகத்தான் செய்யும்.
முனகினேன், அந்த நாலு சுரத்தின் மேல்,
கைப்பிடி இல்லாத ஏணியில் கால் துழாவுவதுபோல.
அடைக்கலம் திட்டிக்கொண்டே
வெறுங்கையால் சாக்கு மூட்டையைத் தட்டினான்.

இரண்டு நிமிஷம் பதினெட்டு நொடி.
ஆல்பத்திலேயே நீளமான பாட்டு.
ஒரு வார்த்தை கிடையாது.

இதைத்தான் எல்லோரும் திரும்பக் கேட்கிறார்கள்.
மதுரையில், மேடைக்கு முன்னால்
முட்டி மோதிக்கொண்டிருந்த பையன்கள்
ஒன்பதாவது வந்ததும் நின்று
தெரியாதவன் தோளில் கை போட்டார்கள்.
ஓட்டல்காரர் ஒருவர் போனில் கேட்டார்,
வார்த்தை இல்லாத அந்தப் பாட்டு மட்டும்
ரிசப்ஷனில் போட்டுக்கொள்ளலாமா என்று.
பதினொன்றையும் வரிசையாகப் போடுங்கள் என்றோம்.
பிறகு அவர் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் வழக்கு.
சாட்சிப் பட்டியலில் கடைசிப் பெயர் சிகப்பி,
அவளே போய் எழுதிக்கொடுத்தது.
நாங்கள் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.
ஒத்திகையில் நான் கத்துகிறேன், அவள் வாசிக்கிறாள்.

வீட்டில் எட்டோடு நிறுத்திவிடுவேன்.
ஒன்பதாவது கேட்டால்
அம்மா சோற்றை எடுத்து வைத்துவிடுவாள்.