பயனாளி

பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் நிற்கையில்
கைப்பைக்குள் போன் துடித்தது.
அரசாங்கம் மூன்றே வரியில் எழுதியிருந்தது:
பெரும்போகப் பசளை மானியம்.
அன்பான பயனாளியே, உங்கள் கணக்கில்
இருபதாயிரம் ரூபா.

இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.
தெகிவளைப் பாலத்திலிருந்து திரும்பி நடந்தேன்.

பரந்தனில் எனக்கு இரண்டு ஏக்கர்.
சீதன உறுதியில் நான்கு எல்லையும் எழுதிக் கிடக்கிறது:
வடக்கே வாய்க்கால், கிழக்கே வாய்க்கால்,
தெற்கே சின்னப்பு உரித்தாளர், மேற்கே ஒழுங்கை.
ஒரேயொரு முறை போனேன், கலியாணத்துக்கு அடுத்த கிழமை.
செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
கழற்றவில்லை.
வரம்பில் நின்று எடுத்த படத்தில்
என்னைவிட வயல் நன்றாக விழுந்திருக்கிறது.

விதைப்பது நேசராசா.
யூரியாவைக் கடனுக்கு எடுப்பது நேசராசா.
மடை திறக்கும் இரவுகளில் ரோச் லைற்றோடு
பன்றிக்கும் பாம்புக்கும் நடுவே நிற்பதும் அவன்தான்.
கமநல நிலையத்துப் பதிவேட்டில்
இருப்பது நான்.
"ஒரு துண்டு எழுதித் தந்தியளெண்டால்
என்ர பேரிலை பதியலாம் அக்கா" என்று கேட்டான் ஒருநாள்.
எழுதிக் கொடுத்தால் காணி போய்விடும் என்றார் என் கணவர்.
வெள்ளவத்தையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்
அது ஒன்றுதான்.

பயனாளி.
அந்தச் சொல்லைக் குசினி மேசையில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு எழுத்து மாறினால் கடனாளி என்று நினைத்தேன்.
இல்லை, இரண்டு எழுத்து.
எண்ணிப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

போன போகம் அனுப்பினேன். அதற்கு முந்தினதும்,
இரண்டு கிழமை பிந்தி.
இந்த முறை மாடியின் தண்ணீர் மோட்டர் எரிந்துபோயிற்று.
பதினெட்டு வீடு, வீட்டுக்குப் பதினோராயிரம்.
சங்கச் செயலாளர் ஃபாயிஸ் கதவு கதவாய்த் தட்டினார்.
எண்ணிக் கொடுத்தேன்.
மீதி, லைட் பில்லோடு தானாய்க் கரைந்தது.
பின்னேரம் ஐந்தாம் மாடிக் குழாய்
முதலில் இருமியது, பிறகு பாய்ந்தது.
வாளி நிறையுமட்டும்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை எடுத்தான்.
நேரே கேட்கவில்லை. மழையைச் சொன்னான்.
மகளுக்கு அம்மாள் வருத்தம் என்றான்.
பயிர் குடலையில் நிற்குது,
கடைசிப் பசளை இந்தக் கிழமைக்குள்ளை எறியவேணும் என்றான்.
பிறகு தொண்டையைச் செருமி,
"காசு ஏதும் விழுந்ததோ அக்கா?"

கடலோரத் தண்டவாளத்தில் பாணந்துறை ரயில் போனது.
அது போய் முடியுமட்டும் பேசாமல் இருக்கலாம்.
இருந்தேன்.
"இன்னும் இல்லைத் தம்பி.
கவுண்மேந்தின்ர வேலை தெரியும்தானே."
"ஓமோம்" என்று அவன் திட்டத் தொடங்கினான்.
நானும் திட்டினேன்.
அமைச்சு, கந்தோர், வரிசை, படிவம், எதையும் விடவில்லை.
இத்தனை இணக்கமாய் நாங்கள் இதற்குமுன் பேசியதில்லை.

வைக்கப் போனவன் சொன்னான்:
"தெற்கு வயல்காரருக்குச் செவ்வாயே வந்திட்டுதாம்.
உங்கட பாங்க் வேறைதானே அக்கா,
அதுதான் பிந்துது போல."

எனக்கென்று ஒரு வரம்பு கட்டி
அதன்மேல் என்னை ஏற்றிவிட்டுப்
போனை வைத்தான்.

செருப்போடுதான் நிற்கிறேன்.