நீல ஆடு

மூன்று வருடம் நான் ஓர் ஆடாக இருந்தேன்.
நீல நிற ஆடு.
கெஃபிர் பாக்கெட்டின் மேல் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்குமே, அது.
லியெபாயாவில்,
கடல்காற்று ஜன்னலைத் தட்டித் தட்டிச் சலித்துப்போகும்
மூன்றாம் மாடியில்
எனக்கொரு மேசை, இரண்டு திரை, காலடியில் ஒரு ஹீட்டர்.

முதல் நாள் கையில் கொடுத்த காகிதம் சொன்னது:
ஆடு குறும்புக்காரி.
ஆடு கோபப்படாது, அரசியல் பேசாது,
ஆட்டுக்கு வயதில்லை.
எதுவும் பன்னிரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது,
தாண்டினால் விரல் தள்ளிவிட்டுப் போய்விடும்.

அதற்கு முன் நான் கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன்.
மூச்சு முட்டுகிற நீள வாக்கியங்கள்.
இப்போது மழைகூட எனக்குப்
பன்னிரண்டு சொல்லில்தான் பெய்கிறது.

மார்ச் மாதம் தளத்துக்குப் புகைப்படம் பிடிக்காமல் போயிற்று.
அசைவது வேண்டுமாம்.
ஆட்டை ஆடவிட்டோம்.
ஜூனில் அதற்கு இளஞ்சிவப்பு பிடித்தது,
பீட்ரூட் கெஃபிர் பிறந்தது அப்படித்தான்.
யாரும் குடிக்கவில்லை,
எல்லோரும் படம் எடுத்தார்கள்.
"வெற்றி" என்றான் ரைவோ.
குளிர்பெட்டியில் திரும்பி வந்த பாக்கெட்டுகளை
வாரம் முழுக்க நாங்கள் அலுவலகத்திலேயே குடித்தோம்.

இமான்ட்ஸ் வருவது இரவு இரண்டு நாற்பதுக்கு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
"ஆடே, தூங்கலையா?"
"ஆடு நின்றுகொண்டே தூங்கும். நீ?"
"நான் உட்கார்ந்துகொண்டே."
பிறகு ஒரு படம் அனுப்புவான்:
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு ஃபிளாஸ்க்,
கீழே சிந்திக் கிடக்கும் விளக்குகள்.
அந்த நேரத்துக்கு எனக்குச் சம்பளம் கிடையாது.
போனைத் தலையணைக்கடியில் வைத்துப் படுப்பேன்.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று
நான் போட்ட விளம்பரத்தின் கீழே,
டிசம்பரில், அவன் எழுதினான்:
"இன்று என் மனைவி போய்விட்டாள்.
இரண்டு வாங்கி என்ன செய்வேன்?"

காகிதத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
இதற்கு அதில் ஒன்றும் இல்லை.
எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
முப்பத்தொரு சொல்.
என்ன எழுதினேன் என்று இங்கே சொல்லப் போவதில்லை,
ஏற்கெனவே நிறையப் பேர் படித்துவிட்டார்கள்.

விடிவதற்குள் நாலாயிரம் இதயங்கள்.
ரைவோ கேக் வாங்கி வந்தான்.
பிப்ரவரியில் ஊரின் ஒரே டிராமின் பக்கவாட்டில்
என் ஆடு காதைச் சாய்த்துக்கொண்டு ஓடியது:
"சொல்லு, ஆடு கேட்கிறது."

இமான்ட்ஸ் அன்று எழுதியது மூன்றே சொல்.
"டிராமில் உன்னைப் பார்த்தேன்."
கோபமா, பெருமையா?
எழுத்துக்கு முகம் கிடையாது.
சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றைத் தேடினேன்.
நூற்றுக்கணக்கில் இருந்தன.
ஒன்றையும் போடவில்லை.

அவ்வளவு புகழை ஒற்றை ஆளிடம் விட்டுவைப்பார்களா,
ஆடு ரீகாவில் ஒரு நிறுவனத்துக்குப் போயிற்று.
மதியம் பன்னிரண்டுக்குக் கடவுச்சொல் மாறியது.
ஹீட்டரை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன்,
அது என்னுடையது.

ஒரு வாரம் பொறுத்து, என் சொந்தப் பெயரில்,
என் சொந்த முகத்தோடு, அவனுக்கு எழுதினேன்:
"நான் விஸ்மா. ஆடாக இருந்தது நான்தான்."
பார்த்தான்.
பார்த்ததற்கான அடையாளம் வந்தது.
வேறெதுவும் வரவில்லை.

இரவு இரண்டு நாற்பத்தொன்றுக்கு
எல்லோரும் பார்க்கும் இடத்தில் அவன் கேட்டான்:
"ஆடே, யாரோ ஒருத்தி நீதான் என்கிறாள்."

ரீகாவில் யாரோ விழித்திருந்தார்கள்.
"ஆட்டுக்கு ஒரே ஒரு முகம்தான், நண்பா! பீட்ரூட் சுவைத்தாயா?"

எண்ணினேன். ஏழு சொல்.
குறும்பு இருந்தது, கோபம் இல்லை, வயதில்லை.
நானும் இதைத்தான் எழுதியிருப்பேன்.
இதயத்தை அழுத்தினேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆளாக.

ஜன்னலுக்கு வெளியே, வெகு தூரத்தில்,
ஒரு கிரேன் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.
அவனாக இருக்கலாம்.
அங்கே ஏழு கிரேன்கள்.